எல்லோருக்கும் என்றொரு வண்டி

1826-ஆம் ஆண்டில், பிரான்ஸின் நாந்த் நகரில் ஒரு மாவு ஆலை நாள்தோறும் வெந்நீரை வீணாக்கிக்கொண்டிருந்தது. நீராவி இயந்திரத்தில் ஓடிய ஆலை அது. அதன் உரிமையாளர் ஸ்தனிஸ்லாஸ் போத்ரி, முன்னாள் படை அதிகாரி. கொட்டிப்போகும் வெந்நீரைக் காசாக்க நினைத்து, ஆலையை ஒட்டியே ஒரு பொதுக் குளியலகம் கட்டினார். இடமோ நகரத்துக்கு வெளியே இருந்தது. குளிப்பதற்காக அவ்வளவு தூரம் நடந்துவர ஆட்கள் கிடைக்கவில்லை. அதனால் நகர நடுவிலிருந்து குளியலகம் வரை ஒரு குதிரை வண்டியை ஓடவிட்டார்.

வண்டி நிரம்பியது, குளியலகம் நிரம்பவில்லை. ஏறியவர்கள் பாதி வழியில் இறங்கிக்கொண்டார்கள். ஒருவர் கடைத்தெருவில், ஒருவர் உறவினர் வீட்டருகில், இன்னொருவர் வேலை செய்யும் இடத்தில். அந்தச் சாலையில் போகவும் வரவும் ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு வண்டிதான் இல்லாமல் இருந்தது. போத்ரி இதைச் சீக்கிரம் புரிந்துகொண்டார். குளியல் தொழிலை விட்டார், வண்டித் தொழிலைப் பிடித்தார். இன்று உலகம் முழுவதும் பஸ் என்று அழைக்கப்படும் வாகனத்தின் வம்சம் அந்த மிச்ச வெந்நீரிலிருந்து தொடங்குகிறது.

வண்டிக்குப் பெயர் வந்ததைப் பற்றி ஒரு கதை உண்டு. அது புறப்படும் சதுக்கத்தில் ஓம்னேஸ் என்ற குடும்பப் பெயர் கொண்ட ஒரு தொப்பிக் கடைக்காரர் இருந்தாராம். லத்தீனில் ஓம்னேஸ் என்றால் 'எல்லோரும்'. ஓம்னிபுஸ் என்றால் 'எல்லோருக்கும்'. தன் பெயரை வைத்துச் சொல்விளையாட்டாக 'ஓம்னேஸ் ஓம்னிபுஸ்' என்று கடையில் பலகை மாட்டியிருந்தாராம். 'ஓம்னேஸ், எல்லோருக்கும்' என்று வாசிக்கலாம். 'எல்லோரும் எல்லோருக்கும்' என்றும் வாசிக்கலாம். அந்தப் பலகையின் கீழ் நின்ற வண்டிக்கு அதிலிருந்தே பெயர் ஒட்டிக்கொண்டது என்று கதை முடிகிறது. சொல் வரலாற்றை ஆராய்பவர்கள் இதை நம்பத் தயங்குகிறார்கள். எனக்கும் இந்தத் தொப்பிக் கடைக்காரர் தேவைப்படவில்லை. பள்ளியிலும் தேவாலயத்திலும் லத்தீன் காதில் விழுந்துகொண்டே இருந்த ஊரில், யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்ற வண்டிக்கு 'எல்லோருக்கும்' என்று பெயரிட ஒரு கடைப்பலகையின் துணை வேண்டியதில்லை. எப்படியானாலும் பெயர் வந்து சேர்ந்தது. பிரெஞ்சுக்காரர் வாயில் அது ஓம்னிபுஸ், ஆங்கிலேயர் வாயில் ஆம்னிபஸ்.

இந்தச் சொல்லின் உடலமைப்பைத் தமிழ் வாசகர் ஆங்கிலேயரைவிட எளிதாகப் பிடித்துக்கொள்வார். நமக்கு வேற்றுமை உருபு பழக்கமானது. 'ஓம்னி' என்பது 'எல்லா' என்ற பொருள் தரும் அடிச்சொல். கடைசியில் நிற்கும் 'புஸ்' வேற்றுமை உருபு. பன்மையில் வரும் நான்காம் வேற்றுமையின் உருபு. நம் இலக்கணத்தில் 'கு' செய்யும் வேலையை இங்கே அது செய்கிறது. லத்தீன் இலக்கணக்காரர்கள் இந்த வேற்றுமைக்கு வைத்த பெயர் 'கொடு' என்ற வினையிலிருந்து பிறந்தது. நான்காம் வேற்றுமையின் பொருள்களை அடுக்கும் நன்னூலும் கொடையில்தான் தொடங்குகிறது. ஒன்றையொன்று அறியாத இரண்டு இலக்கண மரபுகள், 'கு' என்றதும் ஒருவர் கை நீட்டிக் கொடுப்பதையே முதலில் நினைத்திருக்கின்றன. 'ஓம்னிபுஸ்' என்ற வண்டிப் பெயருக்குள்ளும் ஒரு கொடை இருக்கிறது. கொடுக்கப்படுவது பயணம், பெறுபவர் எல்லோரும்.

அப்படி ஒரு கொடை பாரிஸில் ஏற்கெனவே ஒருமுறை முயலப்பட்டுத் தோற்றிருந்தது. 1662-இல் அதற்கு யோசனை தந்தவர் கணித மேதை பிளேஸ் பாஸ்கல். காற்றழுத்தத்தைப் பற்றி ஆராய்ந்தவர், கூட்டல் கழித்தல் செய்யும் இயந்திரத்தை உருவாக்கியவர். அவருடைய கடைசி முயற்சிகளில் ஒன்று இந்த வண்டித் திட்டம். குறித்த பாதை, குறித்த நேரம், ஆள் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் புறப்பாடு, எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம், ஐந்து சோல். இன்றைய டவுன் பஸ்ஸின் விதிகள் ஏறக்குறைய எல்லாமே அதில் இருக்கின்றன. 1662 மார்ச் 18 அன்று முதல் தடம் ஓடத் தொடங்கியது. அடுத்த சில மாதங்களில் தடங்கள் ஐந்தாகின. அந்த ஆகஸ்டில் பாஸ்கல் இறந்துபோனார்.

திட்டத்தில் அவர் வைக்காத ஒரு விதியைப் பாரிஸின் உயர் நீதிமன்றம் சேர்த்தது. படைவீரர்களும் ஏவலாட்களும் சீருடை அணிந்த பணியாளர்களும் உடலுழைப்புத் தொழிலாளர்களும் இந்த வண்டிகளில் ஏறக்கூடாது என்றது. கனவான்களும் சீமாட்டிகளும் யார் தோளோடும் இடிக்காமல் போகலாம். ஆரம்பத்தில் நாகரிக வேடிக்கையாக ஏறிப் பார்த்தவர்களுக்குச் சில ஆண்டுகளில் அலுத்துப்போனது. அவர்களிடம்தான் சொந்த வண்டி இருந்ததே. உண்மையில் வண்டி தேவைப்பட்டவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். பதினைந்து ஆண்டு அளவில் எல்லாம் ஓய்ந்துவிட்டது. அந்தச் சேவையைக் கொன்றதில் நீதிமன்றத்தின் அந்த ஒரு வரிக்கு முக்கியமான பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். பாதையும் நேரமும் கட்டணமும் இருந்தன. 'எல்லோருக்கும்' என்பது மட்டும் இல்லை. அது வருவதற்கு ஒரு புரட்சியும் நூற்றறுபது ஆண்டுகளும் பிடித்தன.

போத்ரி 1828-இல் பாரிஸுக்குப் போனார். அவருடைய வண்டிகள் வெற்றி பெற்றதைப் பார்த்துப் போட்டியாளர்கள் முளைத்தார்கள். 'வெள்ளைச் சீமாட்டிகள்' என்று ஒரு நிறுவனம், 'விருப்பத்துக்குரியவை' என்று இன்னொன்று. கவர்ச்சியான அந்தப் பெயர்களெல்லாம் அந்தந்தக் கம்பெனியோடு போய்விட்டன. எந்த அலங்காரமும் இல்லாத ஓம்னிபுஸ் மட்டும் பொதுச்சொல்லாகி எல்லாக் கம்பெனி வண்டிகளையும் குறிக்கத் தொடங்கியது. போத்ரிக்கு அந்தப் புகழால் பயன் இல்லை. கடனில் மூழ்கிய அவர் 1830-இல் தற்கொலை செய்துகொண்டார்.

பாரிஸில் இந்த வண்டிகளைப் பார்த்துவிட்டு லண்டனுக்குத் திரும்பியவர் ஜார்ஜ் ஷிலிபியர். வண்டி கட்டுவது அவர் தொழில். 1829 ஜூலை 4 அன்று பாடிங்டனிலிருந்து பாங்க் என்ற பகுதி வரை அவருடைய ஆம்னிபஸ் ஓடியது. மூன்று குதிரைகள் பக்கம் பக்கமாக இழுக்க, உள்ளே இருபதுக்குச் சற்று மேற்பட்டவர்கள் உட்கார்ந்து போனார்கள். முன்பதிவு வேண்டியதில்லை, கை காட்டினால் நிற்கும். லண்டன்வாசிகளுக்கு அது புதிது. அதற்கு முன் ஸ்டேஜ் கோச்சில் இடம் பிடிக்க முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். காசு குறைந்தவர்கள் வெளியே கூரைமேல் மழையிலும் குளிரிலும் உட்கார வேண்டும். ஷிலிபியரின் வண்டியில் எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழ்.

கட்டணம் ஒரு ஷில்லிங். அன்றைய கூலித் தொழிலாளி கொடுக்கக்கூடிய தொகை அல்ல அது. குமாஸ்தாக்களும் வியாபாரிகளும் ஏறிப் போனார்கள். தொழிலாளிகள் வழக்கம்போல் விடிவதற்கு முன்பே நடந்தார்கள். பின்னாளில் கூரைமேல் மலிவான இருக்கைகள் வந்தபோது ஏணிப்படி வழியாகத்தான் ஏற வேண்டியிருந்தது. அன்றைய நீளப் பாவாடையோடு பெண்கள் அதில் ஏற முடியாது. சரியான வளைபடி வைத்த வண்டிகள் 1880-களில் வந்த பிறகுதான் பெண்கள் மாடிக்குப் போனார்கள். வாசலில் தடுக்க நீதிமன்றம் தேவையில்லை, கட்டணமும் படிக்கட்டும் போதும் என்பதை இந்த வண்டியின் சரித்திரம் தொடக்கத்திலேயே காட்டிவிட்டது.

ஷிலிபியருக்கும் நல்ல முடிவு வாய்க்கவில்லை. போட்டியில் நொடித்துப்போனார், கடனுக்காகச் சிறை சென்றார், கடைசியில் சவ ஊர்வல வண்டிகள் கட்டிப் பிழைத்தார். வண்டிக்குத் தன் பெயரே நிலைக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. லண்டனில் சிலர் சில காலம் 'ஷிலிபியர்' என்றே சொல்லியும் வந்தார்கள். சவ வண்டியோடு பெயர் சேர்ந்த பிறகு, உயிரோடு போகும் பயணத்துக்கு அந்தப் பெயரைச் சொல்ல யாரும் விரும்பவில்லை. ஆம்னிபஸ் நின்றது. நியூயார்க்கிலும் இதுவே நடந்தது. பிராட்வேயில் வண்டி விட்ட ஆபிரகாம் பிரௌவர் முதல் வண்டிக்கு 'வசதி' என்றும் அடுத்ததற்கு 'நேசமுள்ளது' என்றும் பொருள்படப் பெயர் வைத்துப் பார்த்தார். 1831-இல் அவரும் ஆம்னிபஸ்ஸுக்கு வந்து சேர்ந்தார்.

தெருவில் இறங்கிய சொல்லைத் தெரு சும்மா விடாது. நடத்துநர்கள் கத்திக் கூப்பிட, பயணிகள் ஓடிப் பிடிக்க, ஆம்னிபஸ் என்ற நீளம் தாங்கவில்லை. 1830-களிலேயே பஸ் என்று வெட்டிவிட்டார்கள். ஆங்கிலத்தில் நீளமான சொல்லை வெட்டுவது புதிதல்ல; வழக்கமாகப் பொருள் தரும் பகுதியை வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளுவார்கள். இங்கே 'எல்லா' என்ற அடிச்சொல் முழுவதும் போய், உருபு மட்டும் மிஞ்சியது. 'எல்லோருக்கும்' என்பதில் 'எல்லோர்' கழன்று விழுந்து, எஞ்சிய 'உக்கும்' ஓர் ஊர்தியின் பெயராகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உருபுக்கு, அதுவும் ஒரு செத்த மொழியின் உருபுக்கு, சக்கரம் முளைத்த இப்படி இன்னொரு சொல்லை நான் கண்டதில்லை.

லத்தீன் தெரிந்தவர்களுக்கு இது காலமெல்லாம் உறுத்தியது. ஓம்னிபுஸ் எழுவாய் வடிவம் அல்ல. அதனால் மற்ற லத்தீன் சொற்களைப் போல அதற்கு லத்தீன் பன்மை கட்ட முடியாது. ஆங்கிலப் பன்மைதான் சரி. ஆக்ஸ்ஃபோர்டில் செவ்வியல் மொழிகள் கற்பித்த ஏ. டி. காட்லி, 1914-இல் 'மோட்டார் பஸ்' என்ற தலைப்பிலேயே ஒரு கவிதை எழுதினார். ஆங்கிலமும் லத்தீனும் கலந்த வரிகளில், பஸ் என்பதை அசல் லத்தீன் பெயர்ச்சொல்லாக எடுத்துக்கொண்டு அதற்கு ஒவ்வொரு வேற்றுமையாக உருபு சேர்த்துக்கொண்டே போகிறார். உருபுக்கே உருபு. நாமும் அதைத் தினமும் செய்கிறோம். 'பஸ்ஸுக்கு நேரமாச்சு' என்று வாசலில் செருப்பு மாட்டுகிறவர் லத்தீன் நான்காம் வேற்றுமையின் மேல் தமிழ் நான்காம் வேற்றுமையை ஏற்றிவைக்கிறார்.

தெருவில் வால் ஓட, முழுச்சொல் சட்டசபைக்கும் நீதிமன்றத்துக்கும் குடிபெயர்ந்தது. தனித்தனியாக விவாதிக்க வேண்டிய பல விஷயங்களை ஒரே மசோதாவில் திணித்துக் கொண்டுவந்தால் அதற்கு ஆம்னிபஸ் மசோதா என்று பெயர். 1850-இல் அமெரிக்க செனட்டில், அடிமைமுறையைச் சுற்றி எழுந்த பிணக்குகளை ஒரே பொட்டலமாகத் தீர்த்துவிட ஹென்றி கிளே கொண்டுவந்த மசோதாவை அப்படித்தான் அழைத்தார்கள். அது தோற்றது. செனட்டர் ஸ்டீபன் டக்ளஸ் அதைப் பிரித்துத் துண்டு துண்டாக நிறைவேற்ற வேண்டியிருந்தது. பொட்டலமாக வரும் சட்டத்தில் விரும்பாததையும் சேர்த்தே விழுங்க வேண்டியிருக்கிறது என்ற முறையீடு அன்றிலிருந்து இன்றுவரை எல்லா நாடாளுமன்றங்களிலும் கேட்கிறது.

இந்திய நீதிமன்றத் தீர்ப்புகளில் இச்சொல்லுக்கு இன்னொரு சாயல் ஏறியிருக்கிறது. வரதட்சணைக் கொடுமை வழக்குகளில் கணவர் வீட்டார் அனைவர்மீதும், யார் எந்த நாளில் என்ன செய்தார் என்று பிரித்துச் சொல்லாமல் மொத்தமாகச் சுமத்தும் குற்றச்சாட்டை ஆம்னிபஸ் குற்றச்சாட்டு என்கிறார்கள். உச்ச நீதிமன்றமே 2022-இல் அப்படிப்பட்ட ஒரு வழக்கில் கணவரின் உறவினர்கள்மீதான நடவடிக்கையை ரத்துசெய்தது. 'எல்லோருக்கும்' என்று பரிவோடு சொன்ன அதே சொல், 'யாரென்று பார்க்காமல்' என்ற கண்டிப்பையும் சுமக்கிறது.

சட்டத்தில் இந்தச் சொல் அடைந்த மிக உயர்ந்த இடம் வேறு. 'கிளாப்பம் ஆம்னிபஸ்ஸில் போகும் மனிதன்' என்று ஆங்கிலச் சட்டத்தில் ஒருவர் இருக்கிறார். கிளாப்பம் லண்டனின் தென்பகுதி. ஒருவர் நடந்துகொண்ட விதம் நியாயமானதா, கவனக்குறைவானதா என்று முடிவுசெய்ய வேண்டியிருக்கும்போது, நீதிபதி தன்னையோ ஒரு நிபுணரையோ அளவுகோலாக வைக்கக்கூடாது. அந்த ஆம்னிபஸ் பயணி அந்த இடத்தில் இருந்தால் என்ன நினைப்பார், என்ன செய்வார் என்று பார்க்க வேண்டும். 1903-இல் ஒரு பத்திரிகை விமர்சனம் தொடர்பான வழக்கில் நீதிபதி காலின்ஸ், இந்தச் சொற்றொடர் தமக்கு முன்பிருந்த பொவன் பிரபுவுடையது என்று குறிப்பிட்டார். 2014-இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றத்திலும் இப்பயணியைப் பற்றி ஒரு தீர்ப்பு விரிவாகப் பேசியது. அந்தப் பயணி ரயிலிலோ சொந்த வண்டியிலோ போயிருந்தால் சட்டத்துக்குப் பயன்பட்டிருக்க மாட்டார். சாதாரண மனிதன் என்றதும் நீதிபதிகள் தேடிப்போனது, எல்லோருக்கும் என்று பெயர் வைத்த வண்டிக்குள். இச்சொல்லின் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த நிறுத்தம் இது.

மின்சாரத்துக்குள் நுழைந்ததும் சொல் மறுபடி அசல் பொருளுக்குத் திரும்பியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மின் நிலையங்களில் எல்லா ஜெனரேட்டர்களின் மின்சாரத்தையும் வாங்கி எல்லா வழிகளுக்கும் பிரித்துத் தரும் தடித்த செம்புப் பட்டைக்கு ஆம்னிபஸ் பட்டை என்று பெயர் வைத்தார்கள். அதுவும் வெட்டுப்பட்டு பஸ்பார் ஆனது. நம் ஊர் மின் பணியாளர்கள் பலகையைத் திறந்து 'பஸ்பார் சூடாகுது' என்று சொல்வது இந்தப் பட்டையைத்தான். அதன் வழியாகக் கணினிக்குள் போனது. உள்ளுறுப்புகள் எல்லாம் பொதுவாகப் பயன்படுத்தும் தகவல் தடத்துக்கும் பஸ் என்றே பெயர். 1996-இல் வெளிவந்த யூஎஸ்பி என்ற பெயரின் கடைசி எழுத்து அந்த பஸ்தான். கைபேசிக்குச் சார்ஜ் ஏற்றும் கம்பியின் நுனியில் போத்ரியின் வண்டி நிற்கிறது. செம்புப் பட்டைக்கு ஆள் பார்க்கத் தெரியாது. வந்த மின்சாரத்தை எல்லா வழிக்கும் விடுகிறது.

மனிதர்கள் ஓட்டிய வண்டியில் அப்படி நடக்கவில்லை.

சுதந்திரத்துக்கு முந்தைய ராமநாதபுரம் மாவட்டத்தில் தனியார் பஸ் முதலாளிகள் தாழ்த்தப்பட்ட மக்களை ஏற்ற மறுத்தார்கள். காசு கொடுத்தாலும் இடம் கிடையாது. அப்போது ஜில்லா போர்டின் தலைவராக இருந்தவர் டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன். சுயமரியாதை இயக்கத்தின் முன்னணித் தலைவர். 1929-இல் செங்கல்பட்டில் நடந்த அதன் முதல் மாகாண மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர். தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுக்கும் பஸ்ஸின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். முதலாளிகள் வழிக்கு வந்தார்கள். அறிவுரை சொல்லி ஆகாதது லைசென்ஸ் போகும் என்றதும் நடந்தது. சென்னை தியாகராய நகரில் பாண்டி பஜார் என்று நாம் சொல்வது அவர் பெயர் தாங்கிய கடைவீதி. அங்கே துணி எடுக்கப் போகிறவர்களுக்கு இந்த பஸ் உத்தரவு தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

1955 டிசம்பர் முதல் தேதி அமெரிக்காவின் மாண்ட்கமரியில் ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் பஸ்ஸில் வெள்ளையருக்காக இருக்கையிலிருந்து எழ மறுத்ததை உலகம் அறியும். அதைப் பார்த்து ஊக்கம் பெற்ற இன்னொரு போராட்டம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பஸ் ஓட்டிய நிறுவனத்தின் பெயர் பிரிஸ்டல் ஆம்னிபஸ் கம்பெனி. 'எல்லோருக்கும்' என்பதை முழுதாகத் தன் பெயரிலேயே வைத்திருந்த கம்பெனி அது. கறுப்பினத்தவரும் ஆசியர்களும் அதன் பஸ்ஸில் பயணம் செய்யலாம். ஓட்டுநராகவோ நடத்துநராகவோ வேலை மட்டும் கிடையாது. நிர்வாகம் மறுத்தது, பஸ் தொழிலாளர்களில் பலரும் அதற்குத் துணை நின்றார்கள்.

1963-இல் பால் ஸ்டீபன்சன் என்ற இளம் சமூக ஊழியர் இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவர ஒரு வழி கண்டார். கை பெய்லி என்ற பதினெட்டு வயது இளைஞருக்கு நேர்காணல் ஏற்பாடு செய்தார். படிப்பு, நடத்தை, எல்லாம் சரியாக இருந்தன. அவர் மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்தவர் என்று தெரிந்த உடனே நேர்காணல் ரத்தானது. ஏப்ரல் இறுதியில் பஸ் புறக்கணிப்பு தொடங்கியது. ராய் ஹாக்கெட் போன்ற போராட்டக்காரர்கள் தெருவில் இறங்கினார்கள், பல்கலைக்கழக மாணவர்கள் ஊர்வலம் போனார்கள், நாடாளுமன்ற உறுப்பினர் டோனி பென் ஆதரித்தார். டிரினிடாட் அண்ட் டுபாகோவின் தூதராக இருந்த முன்னாள் கிரிக்கெட் வீரர் லியரி கான்ஸ்டன்டைனும் கம்பெனிக்கு எதிராகக் குரல் கொடுத்தார். நான்கு மாதம் கழித்து, ஆகஸ்ட் 28 அன்று, நிறத் தடையை விலக்கிக்கொள்வதாகக் கம்பெனி அறிவித்தது. செப்டம்பர் நடுவில் வேலையில் சேர்ந்த முதல் வெள்ளையரல்லாத நடத்துநர் ரக்பீர் சிங் என்ற சீக்கியர். இரண்டாண்டில் பிரிட்டன் தன் முதல் இன உறவுச் சட்டத்தை இயற்றியது. அதற்கு வழிசெய்தவற்றில் பிரிஸ்டல் போராட்டமும் ஒன்று என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். பிரிஸ்டல்காரர்கள் கேட்டது அந்தக் கம்பெனியின் பெயர்ப் பலகையில் ஏற்கெனவே எழுதியிருந்ததைத்தான்.

இனி நம் ஊருக்கு வரலாம். ஏனென்றால் ஆங்கிலம் தொலைத்த பாதியைத் தமிழ்நாடு பத்திரமாக வைத்திருக்கிறது. ஆம்னி பஸ் என்று நாம் சொல்கிறோம். இரண்டு சொல்லாக எழுதுகிறோம். லத்தீன் இலக்கணப்படி அடிச்சொல் முடிந்து உருபு தொடங்கும் அந்த இடத்திலேயே நம் பெயின்டர்கள் இடைவெளி விடுகிறார்கள். அடிச்சொல்லும் உருபும் சேர்ந்து முழுச்சொல்லாகத் தினமும் லட்சக்கணக்கானோர் வாயில் புழங்கும் இடங்கள் உலகில் இன்று அதிகமில்லை.

பொருள்தான் திசை மாறிவிட்டது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு, ஓட்டுநர் நீங்கலாக ஆறு பேருக்கு மேல் ஏற்றக்கூடிய எந்த மோட்டார் வாகனமும் ஆம்னிபஸ் என்று சொல்கிறது. அதன்படி ஓட்டை ஜன்னலோடு கிராமத்துக்குள் வரும் அரசு பஸ்ஸும் ஆம்னிபஸ்தான். வழக்கில் அதை யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். தொலைதூரம் போகும் தனியார் சொகுசு பஸ்தான் ஆம்னி பஸ். சாய்வு இருக்கை, ஏசி, ஸ்லீப்பர். டவுன் பஸ், மொபசல் பஸ், ரூட் பஸ் என்ற வரிசையில் அதிகக் காசு கேட்பது அதுதான். அனுமதியிலும் வேறுபாடு உண்டு. வழியில் நிறுத்தி நிறுத்தி ஆள் ஏற்றி டிக்கெட் கொடுக்க ஸ்டேஜ் கேரியேஜ் பெர்மிட் வேண்டும். ஆம்னி பஸ்கள் ஓடுவது கான்ட்ராக்ட் கேரியேஜ் பெர்மிட்டில், அதாவது மொத்தமாகப் பேசி அமர்த்திய வண்டி என்ற கணக்கில். ஷிலிபியர் லண்டனில் புதிதாகக் கொண்டுவந்தது கை காட்டினால் நிற்பதை. ஆம்னி என்ற பெயர் தாங்கிய நம் வண்டிக்குச் சட்டப்படி அந்த உரிமைதான் இல்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அதன் கட்டணம் ஏறும் உயரத்தை ஊருக்குப் போகும் குடும்பங்கள் ஒவ்வொன்றும் அறியும். எல்லோருக்கும் என்ற பெயர், பண்டிகை நாளில் எல்லோராலும் ஏற முடியாத வண்டியின் மேல் எழுதியிருக்கிறது.

பெயர் எழுதாத வண்டிகள் அந்தப் பெயரின் வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன. 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்கள் டிக்கெட் இல்லாமல் போகலாம். ஒயிட் போர்டு பஸ் என்று மக்கள் சொல்வது அவற்றைத்தான். வீட்டு வேலைக்குப் போகும் பெண்களும் கட்டட வேலைக்குப் போகும் பெண்களும் மாதச் செலவில் ஒரு வரியைக் கணக்கிலிருந்து அடித்துவிட முடிந்தது. கட்டணம் என்ற பழைய தடையை ஓரளவு விலக்கிய ஏற்பாடு அது.

இன்னொரு தடையான படிக்கட்டு அவ்வளவு எளிதில் விலகவில்லை. தரையிலிருந்து உயரத்தில் இருக்கும் படியும் குறுகலான வாசலும் சக்கர நாற்காலியில் வருபவரை நிறுத்திவிடுகின்றன. ஊன்றுகோலோடு வருபவருக்கும் முழங்கால் தேய்ந்த முதியவருக்கும் அதே கதி. புதிதாக வாங்கும் பஸ்கள் எல்லோரும் ஏறக்கூடியவையாக இருக்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகளுக்காகப் போராடுபவர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அரசுத் தரப்பு விலையையும் சாலைகளின் நிலையையும் காரணமாகச் சொன்னது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2024 ஆகஸ்டில் சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் தாழ்தள பஸ்கள் தெருவுக்கு வந்தன. நிறுத்தத்தில் பக்கவாட்டில் தாழ்ந்து, சாய்தளத்தை நீட்டும் பஸ்கள் அவை. நிறுத்தத்தில் நடைமேடை இருந்து, ஓட்டுநர் அதன் ஓரமாகக் கொண்டுவந்து நிறுத்தினால் சக்கர நாற்காலி அப்படியே உள்ளே போகும். மாநகரத்தைத் தாண்டி வெளியூர் போகும் பஸ்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்னமும் படி ஏறித்தான் ஆக வேண்டும்.